பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு ஒலியன் இன்னும் தேவையா?

கேள்வி இதுதான்: "பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள்கள் இன்று ஒலியை அப்படியே வாங்கி எழுத்தாகத் தந்துவிடுகின்றன. நடுவில் ஒலியன் என்ற ஒன்று இருந்தே ஆகவேண்டுமா, அல்லது மொழியியல் வகுப்போடு முடிந்துபோன கருத்தா? தமிழில் இதைச் செய்கிறவர்களுக்கு அதனால் ஏதாவது பயன் உண்டா?"

ஒலியனைத் தனிப் படியாக வைக்காமலே இன்று நல்ல பேச்சுணரி ஒன்றைக் கட்டிவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒலியன் இதுவரை செய்துவந்த வேலை ஒன்று இருக்கிறதே, அதை யாராவது செய்தாக வேண்டும். பெரிய மாடல்கள் அந்த வேலையை லட்சக்கணக்கான மணி நேரப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தாங்களே கற்றுக்கொள்கின்றன. அவ்வளவு பேச்சு கையில் இல்லாதபோது நாம்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. தமிழில் பேச்சுணரி செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது நிலையில்தான் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒலியன் என்றால் என்ன என்பதை வாயால் சொல்லிப் பார்த்தே தெரிந்துகொள்வோம். "கல்" என்று சொல்லுங்கள். அப்புறம் "தங்கம்". அப்புறம் "பகல்". மூன்றிலும் எழுதுவது ஒரே ககரம்தான். ஆனால் கல்லில் குரல்வளை அதிராமல் வெடித்து வருகிறது, தங்கத்தில் அதிர்வோடு வருகிறது, பகலில் நாக்கு மேலே சரியாக ஒட்டக்கூட இல்லை, காற்று உரசிக்கொண்டு போய்விடுகிறது, பலர் வாயில் அது கிட்டத்தட்ட "ஹ" மாதிரியே கேட்கும். ஒலி என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு. ஆனால் தமிழ் பேசுகிறவருக்கு மூன்றும் "க" தான், ஏனென்றால் தமிழ்ச் சொற்களில் எங்கே எது வரும் என்பது இடத்தைப் பொறுத்து முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது; ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் உச்சரிப்பு விநோதமாகப் படுமே தவிர, வேறு சொல் பிறக்காது. இந்த மூன்று ஒலிகளையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் மொழியின் முடிவுதான் ஒலியன். கூரைக்குள் இருக்கும் வேறுபாடுகளை மாற்றொலிகள் என்பார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். வலி, வளி, வழி. ஸ்பெக்ட்ரோகிராமில் (ஒலியின் அதிர்வெண்களை நேரவரிசையில் காட்டும் படம்) பார்த்தால் நடுவில் வரும் ஒலிகள் மூன்றும் நெருங்கிய உறவுக்காரர்கள், நாக்கு நுனி நிற்கும் இடமும் வளைவும் கொஞ்சம் கொஞ்சம் மாறுகின்றன, அவ்வளவுதான். ஆனால் பொருள் மூன்று. ஆக, ககரத்தில் பெரிய வேறுபாட்டைக் கண்டுகொள்ளாத அதே மொழி, லகர ளகர ழகரத்தில் சின்ன வேறுபாட்டைப் பிடித்துத் தொங்குகிறது. எந்த வேறுபாடு கணக்கில் வரும், எது வராது என்பது ஒலியலையில் எழுதியிருப்பதில்லை. ஒவ்வொரு மொழியும் தனக்கென்று வைத்திருக்கும் கணக்கு அது. கணினிக்குப் பேச்சு ஏன் இத்தனை கஷ்டமாக இருந்தது என்பதற்கான காரணத்தில் பாதி இதிலேயே இருக்கிறது.

ஒரு சின்ன இடைச்செருகல். தொல்காப்பியம் எழுத்து என்று சொல்வது பெரும்பாலும் ஒலியைத்தான். அது முப்பது எழுத்தை முதலில் சொல்லிவிட்டு, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் என்ற மூன்றையும் "சார்ந்து வரும்" என்று தனியே வைக்கிறது. தனித்து நின்று பொருளை மாற்றுவது எது, பக்கத்தில் இருப்பதைச் சார்ந்து மட்டும் தோன்றுவது எது என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது. இன்றைய ஒலியனியல் வரையறையோடு அதை அப்படியே பொருத்திவிட முடியாதுதான், ஆனால் இதைப் படிக்கிற தமிழருக்கு ஒலியன் அந்நியமான கருத்து இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஒலியலைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பேச்சைக் கோத்த மணிகள் மாதிரி நினைக்கிறார்கள்: "ப" ஒரு மணி, "அ" ஒரு மணி, "ல்" ஒரு மணி, வரிசையாகப் பொறுக்கினால் "பல்". ஒலிப்பதிவைத் திரையில் விரித்துவைத்து எங்கே ஒரு ஒலி முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு போட உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அந்த எண்ணம் போய்விடும். நான் அந்த வேலையை நிறையச் செய்திருக்கிறேன். "வழி" என்ற சொல்லில் அகரம் எங்கே முடிந்து ழகரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் நேர்மையான பதில் "அப்படி ஒரு இடமே இல்லை" என்பதுதான். ழகரத்துக்காக நாக்கு வளையத் தொடங்கியவுடனேயே அகரத்தின் நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று "கி", "கு" இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "கு" சொல்லும்போது ஒலி வெளியே வருவதற்கு முன்பே உதடு குவிந்துவிட்டிருக்கும். அதாவது ககரம் பிறக்கும் முன்னாலேயே உகரம் உதட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த இரண்டு ககரமும் ஒலியாக ஒன்று இல்லை, ஆனால் காது ஒன்றாகத்தான் கேட்கிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் ரொம்ப அழகாகக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தினர். 1952-இல் லிபர்மன், டெலாட்ரே, கூப்பர் மூவரும் செயற்கையாக ஒரு சிறு வெடிப்பொலியைத் தயாரித்து வெவ்வேறு உயிரொலிகளுக்கு முன்னால் ஒட்டிக் கேட்கவைத்தார்கள். அதே வெடிப்பு, ஏறத்தாழ 1,400 ஹெர்ட்ஸில். "இ", "உ" இவற்றுக்கு முன் வைத்தால் கேட்டவர்கள் "ப" என்றார்கள். "ஆ" வுக்கு முன் வைத்தால் "க" என்றார்கள். ஒரே ஒலி, இரண்டு ஒலியன். கி, கு விஷயத்தில் நடப்பதற்கு இது நேர்மாறு: அங்கே இரண்டு ஒலி, ஒரே ஒலியன். ஒலிக்கும் ஒலியனுக்கும் நடுவில் ஒன்றுக்கு ஒன்று என்று நேர்க்கோடு போட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மனித மூளை இதை எப்படிச் சமாளிக்கிறது என்பதும் இங்கே முக்கியம். 1971-இல் ஐமாஸும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு மாதக் குழந்தைகளும் நான்கு மாதக் குழந்தைகளும்கூட அதிர்வில்லாத பகரத்தையும் அதிர்வுள்ள பகரத்தையும் பிரித்து உணர்வதைக் காட்டினார்கள். 1984-இல் வெர்க்கரும் டீஸும் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது: ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில், ஆங்கிலத்தில் இல்லாத இந்தியின் த, ட வேறுபாட்டைப் பிரித்துக் கேட்கிறார்கள், பத்து பன்னிரண்டு மாதம் ஆகும்போது பெரும்பாலானவர்களுக்கு அந்தத் திறன் மங்கிவிடுகிறது. குழந்தை தன் மொழிக்குத் தேவையில்லாத வேறுபாடுகளைக் கேட்காமல் விடக் கற்றுக்கொள்கிறது. நான் இதை இழப்பாகப் பார்ப்பதில்லை. ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகச் சொல்லும் ஒரே சொல்லை ஒன்று என்று அறிய, எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பேச்சுணரிக்கும் இதே பாடம்தான்: ஆண்குரல், பெண்குரல், சளி பிடித்த குரல், மோசமான மைக், இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு வலி, வளி வேறுபாட்டை மட்டும் விடாமல் பிடிக்கத் தெரியவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1970-இல் வாரன் ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்கள் அந்த ஒலி குறைந்ததையே கவனிக்கவில்லை, முழுச் சொல்லையும் கேட்டதாகவே சொன்னார்கள். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்ட் இருவரும் "ப" என்ற ஒலியோடு "க" சொல்லும் வாயின் காட்சியைச் சேர்த்துக் காட்ட, பார்த்தவர்களில் பெரும்பாலானோர் இரண்டுக்கும் நடுவில் "த" போன்ற ஒன்றைக் கேட்டார்கள் (இந்த "ப", "க", "த" மூன்றும் ஆங்கிலத்தின் அதிர்வுள்ள ஒலிகள்). கேட்பது என்பது காதில் விழுந்ததை அப்படியே எழுதிக்கொள்வது அல்ல. கிடைத்த தடயங்களை வைத்து எந்த ஒலியன், எந்தச் சொல் என்று ஊகிப்பது. 2014-இல் மெஸ்கரானி, சாங் குழுவினர் அறுவை சிகிச்சைக்காக மூளை மேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் ஆராய்ந்தபோது, ஒவ்வொரு இடமும் தனி ஒலியனுக்கு என்றில்லாமல் "அடைத்து வெடிப்பது", "உரசுவது", "மூக்கு வழி வருவது" போன்ற கூறுகளுக்கு ஏற்பத் துடிப்பதைக் கண்டார்கள். அதனால் ஒலியனை உடைக்க முடியாத அணு என்று நினைக்க வேண்டாம், பல கூறுகள் சேர்ந்த முடிச்சு என்று நினைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

இப்போது கணினி. 1952-இல் பெல் ஆய்வகத்தில் செய்த ஆட்ரி என்ற இயந்திரம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்களை அடையாளம் கண்டது, அதுவும் அதற்குப் பழகிய குரலாக இருந்தால்தான் நன்றாக. 1962-இல் ஐபிஎம் காட்டிய ஷூபாக்ஸ் 16 சொற்களை அறிந்தது. அந்தக் காலத்து முறையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழு அச்சு வைத்துக்கொண்டு, வந்த ஒலியை அதனோடு ஒப்பிட்டார்கள். பத்து சொல்லுக்குச் சரி. ஐம்பதாயிரம் சொல்லுக்கு? ஒவ்வொன்றையும் நூறு பேர் சொல்லக் கேட்டுப் பதிவுசெய்ய முடியுமா? புதிதாக ஒரு பெயர் வந்தால் என்ன செய்வது? அங்கேதான் ஒலியன் உள்ளே வந்தது. சொற்களின் எண்ணிக்கைக்கு முடிவே இல்லை, ஆனால் ஒரு மொழியின் ஒலியன்கள் சில பத்துகள்தான். ஆங்கிலத்துக்கு அமெரிக்க உச்சரிப்பில் 39 ஒலியன்களை வைத்தே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி 1,30,000-க்கு மேற்பட்ட சொற்களை எழுதியிருக்கிறது. அந்த 39-ஐயும் கணினிக்கு நன்றாகப் பழக்கிவிட்டால், கேட்டே இராத சொல்லைக்கூட அகராதியில் ஒரு வரி சேர்த்து அடையாளம் காணவைக்கலாம்.

அப்படி உருவானதுதான் 1970-களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்ட அமைப்பு. ஒலியை 25 மில்லிசெகண்ட் துண்டுகளாக, 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை நகர்த்தி நகர்த்தி எடுப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்பதை மனிதக் காதின் அளவுகோலில் சில எண்களாகச் சுருக்குவார்கள். அப்புறம் மறைநிலை மார்க்கோவ் மாடல் ஒவ்வொரு ஒலியனையும் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று நிலைகளாக வைத்து, இந்த எண்வரிசை எந்த ஒலியன் வரிசையிலிருந்து வந்திருக்கக்கூடும் என்று கணக்கிடும். அதன் மேல் உச்சரிப்பு அகராதி, அதன் மேல் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று சொல்லும் மொழி மாடல். ஜேம்ஸ் பேக்கர் கார்னகி மெலனிலும், ஃபிரெட் ஜெலினெக்கின் குழு ஐபிஎம்மிலும் இந்த வழியை 1970-களில் நிலைநிறுத்தினார்கள்.

ஆனால் மேலே சொன்ன "கி", "கு" பிரச்சினை இங்கே வந்து முட்டியது. ககரத்துக்கு ஒரே மாடல் வைத்தால் அது கிகரத்துக்கும் பொருந்தாது, குகரத்துக்கும் பொருந்தாது. என்ன செய்தார்கள் என்றால், ஒவ்வொரு ஒலியனையும் அதன் இடப்பக்க, வலப்பக்க அண்டை வீட்டாரோடு சேர்த்து ஒரு தனி அலகாக்கினார்கள். 40 ஒலியன் என்றால் 40 பெருக்கல் 40 பெருக்கல் 40, அதாவது 64,000 அலகுகள். இத்தனைக்கும் போதுமான பேச்சு எங்கே கிடைக்கும்? அதனால் ஒத்த சூழல்களை ஒன்றாகக் கட்டினார்கள்: இடப்பக்கம் இருப்பது மூக்கொலியா, வலப்பக்கம் இருப்பது உதடு குவியும் உயிரா என்று வரிசையாகக் கேள்வி கேட்டுக் குழு பிரிக்கும் முடிவு மரங்கள். அந்தக் கேள்விகளைப் படித்துப் பாருங்கள், வல்லினம் மெல்லினம் இடையினம் என்று நாம் சின்ன வகுப்பில் படித்த வகைகளேதான் அவை. மாற்றொலி என்ற மொழியியல் கருத்து கணக்காக மாறிய இடம் இது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

நியூரல் நெட்வொர்க்குகள் வந்ததும் முதலில் மாறியது இந்தக் கட்டடத்தின் அடித்தளம் மட்டும். ஒலியன், அகராதி எல்லாம் அப்படியே இருந்தன. பெரிய திருப்பத்தின் விதை 2006-இல் அலெக்ஸ் கிரேவ்ஸும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த சிடிசி முறையில் இருந்தது. எந்தத் துண்டு எந்தக் குறி என்று யாரும் கோடு போட்டுத் தர வேண்டாம், ஒலியையும் அதற்குரிய குறிவரிசையையும் கொடுத்தால் போதும், பொருத்தத்தை நெட்வொர்க்கே கண்டுபிடித்துக்கொள்ளும். குறி என்பது ஒலியனாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். எழுத்தாக வைத்தால் உச்சரிப்பு அகராதியே தேவையில்லை. ஓபன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்ற பேச்சுணரி மாடல் 2022-இல் 6,80,000 மணி நேர ஒலியில் பயிற்சி பெற்று வந்தது. அதில் ஒலியன் என்று பெயரிட்ட அடுக்கு எதுவும் இல்லை, எழுத்துத் துணுக்குகளையே நேராக வெளியிடுகிறது.

அப்போ ஒலியன் போய்விட்டதா? பெயர்ப்பலகை போய்விட்டது. 2020-இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட வேவ்டுவெக் 2.0 என்ற மாடல் எழுத்தே இல்லாமல் வெறும் பேச்சை மட்டும் கேட்டுத் தனக்குள் சில அலகுகளை உருவாக்கிக்கொள்கிறது. அந்த அலகுகளை மனிதர்கள் கையால் ஒலி பிரித்துக் குறித்த டிமிட் பதிவுகளோடு (630 பேர், ஆளுக்கு பத்து வாக்கியம்) ஒப்பிட்டபோது, பல அலகுகள் குறிப்பிட்ட ஒலிகளோடு ஒட்டி நின்றன. யாரும் சொல்லித்தராமலே அது அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த ஆண்டு, எழுதப்பட்ட பேச்சு ஒரு வரிகூட இல்லாமல் பேச்சுணரி செய்ய முடியுமா என்று அதே நிறுவனம் முயன்றபோது, ஒரு பக்கம் பேச்சு, மறுபக்கம் அதனோடு சம்பந்தமில்லாத எழுத்துப் பிரதி, இரண்டுக்கும் நடுவில் பாலமாக அவர்கள் வைத்தது ஒலியனைத்தான். எழுத்துப் பிரதியை ஒலியன் வரிசையாக மாற்றிவிட்டுத்தான் பொருத்தினார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் காரணமும் வெளிப்படை: டஃப், தோ, த்ரூ, காஃப் (tough, though, through, cough) நான்கும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிகின்றன, நான்கும் வேறு வேறு ஒலி. எழுத்தை மட்டும் நம்பினால் நிறைய டேட்டா கொட்ட வேண்டும்.

"தமிழில் எழுதுவதுபோலத்தானே பேசுகிறோம், நமக்கு எழுத்தே போதுமே" என்று பலர் சொல்வார்கள். இது பாதிதான் உண்மை, மீதிப் பாதிதான் நம் பேச்சுணரிகளைக் கவிழ்க்கிறது.

ஒரே ஒரு உதாரணத்தைப் பொறுமையாகப் பார்ப்போம். வந்தான், வந்தாள், வந்தால். எழுத்தில் மூன்றும் தெளிவாக வேறு. பேச்சில்? "வந்தாள்" என்பதன் ளகரம் விழுந்து "வந்தா" ஆகிறது. "வந்தால்" என்பதன் லகரமும் விழுந்து அதுவும் "வந்தா" ஆகிறது. "வந்தான்" என்பதிலும் னகரம் முழுதாக ஒலிப்பதில்லை, நாக்கு மேலே தொடுவதே இல்லை. ஆனால் அந்த ஆகாரம் மூக்கு வழியாகக் கசிகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். "அவ வந்தா", "அவன் வந்தான்" இரண்டையும் இயல்பான வேகத்தில் சொல்லிப் பதிவுசெய்து பாருங்கள், இரண்டு முழு வாக்கியங்களைப் பிரித்து வைத்திருப்பது மூக்கு வழி வரும் கொஞ்சம் காற்று மட்டும்தான். நான் ஒருமுறை ஒரு பேச்சுத் தொகுப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பாட்டி தன் மகளைப் பற்றிச் சொன்ன கதை முழுவதையும் மென்பொருள் மகனைப் பற்றிய கதையாக எழுதிவைத்திருந்தது. தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சர்வசாதாரணம் என்பதால், வினைமுற்றின் கடைசி ஒலி போய்விட்டால் ஆளே மாறிவிடுகிறார்.

இப்போது அதே சொற்களின் பின்னால் ஒரு உயிரைச் சேருங்கள். வந்தானா? வந்தாளா? வந்தாலும். னகரம், ளகரம், லகரம் மூன்றும் திரும்பி வந்து முழுதாக நிற்கின்றன! எங்கேயும் போகவில்லை, பேசுகிறவர் மனத்தில் இருந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன, சொல் இறுதியில் மட்டும் வெளியே தலைகாட்டவில்லை. நான் ஒலியனுக்காக இவ்வளவு வாதாடுவதற்குக் காரணம் இந்த இடம்தான். ஒலியலையை மட்டும் பார்க்கிற மாடலுக்கு "வந்தா", "வந்தாளா" இரண்டிலும் ஒரே ளகரம் இருக்கிறது என்று தெரிய ஆயிரக்கணக்கான உதாரணம் வேண்டும். ஒலியன் அளவில் ஒரு விதியாக எழுதிவைத்தால் ஒரு வரி போதும்: சொல் இறுதி னகரம் முந்தைய உயிருக்கு மூக்கொலி தந்துவிட்டு மறையும், பின்னால் உயிர் வந்தால் மீளும். சொல் இறுதி மகரத்துக்கும் கிட்டத்தட்ட இதே விதிதான், மரம், பணம் எல்லாம் பேச்சில் மூக்கொலி உயிரில்தான் முடிகின்றன.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரகரமும் றகரமும் பெரும்பாலானோர் பேச்சில் ஒன்றாகிவிட்டன, கரி, கறி இரண்டையும் காது பிரிக்காது, வாக்கியம்தான் பிரிக்கும். இதற்கு ஒலி மாடலைக் குறை சொல்லிப் பயனில்லை. நகரமும் னகரமும் வரும் இடங்கள் கிட்டத்தட்டப் பங்கு பிரித்ததுபோல இருப்பதால் இரண்டு தனி அலகு வைப்பது டேட்டாவைப் பிரித்து வீணாக்குவது. ஆனால் நீளத்தை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. கல், கால் என்ற உயிர் நீளம் எல்லாருக்கும் நினைவிருக்கும், மெய் நீளத்தைத்தான் மறப்பார்கள்: பலி, பல்லி; கனி, கன்னி; படம், பட்டம். படத்தின் டகரம் நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடுவது, ஸ்பெக்ட்ரோகிராமில் சின்ன மங்கல் மட்டும் தெரியும். பட்டத்தில் அந்த இடத்தில் நீண்ட வெறுமை, சுத்த மௌனம், அப்புறம் வெடிப்பு. மௌனமும் ஒலியனின் ஒரு பகுதிதான். இரைச்சலைக் குறைப்பதாக நினைத்து அமைதியான இடங்களை வெட்டிச் சுருக்கும் முன்தயாரிப்புச் சாதனங்களைத் தமிழ்ப் பேச்சின் மேல் கண்மூடித்தனமாக ஓடவிடாதீர்கள்.

இன்னொரு பக்கம், எழுத்து காட்டாத ஒலியன்களும் வந்துவிட்டன. பாவம் செய்தான் என்பதில் வரும் பாவமும், நடனத்தில் முகம் காட்டும் பாவமும் எழுத்தில் ஒன்று. வாயில் முதலாவது அதிர்வில்லாதது, இரண்டாவது அதிர்வுள்ளது. விளையாடும் பந்து, உறவினர் என்ற பொருளில் வரும் பந்து, இதுவும் அப்படியே. தமிழ்ச் சொல்லில் மாற்றொலியாக இருந்த வேறுபாடு, கடன்சொல் வழியாக ஒலியனாக மாறிவிட்டது. பஸ், பில், கேட் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். பேச்சை எழுத்தாக்கும்போது இது பெரிதாகத் தொந்தரவு தராது, ஏனென்றால் எழுத்து இரண்டையும் ஒன்றாகவே எழுதுகிறது. எழுத்தைப் பேச்சாக்கும்போதுதான் தலைவலி. "பில்" என்ற எழுத்தைப் பார்த்ததும் அதிர்வோடு சொல்வதா இல்லாமல் சொல்வதா என்று எழுத்து சொல்லாது, விதியும் சொல்லாது. அதனால்தான் எழுத்தைப் பேச்சாக்கும் அமைப்புகளில் எழுத்திலிருந்து ஒலியனுக்கு மாற்றும் பகுதி இன்றும் உயிரோடு இருக்கிறது, கடன்சொற்களுக்குத் தனி அகராதியோடு. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு ஒலிக்குறிப் பட்டியலை சென்னை ஐஐடி குழுவினர் பேச்சாக்கப் பணிகளுக்காக வகுத்ததும், மொழிகள் ஒன்றின் டேட்டாவை ஒன்று பகிர்ந்துகொள்ள ஒலியன் தளம்தான் வசதி என்பதால்.

பேச்சுக்கு வெளியே, வெறும் எழுத்தைக் கையாளும் மொழிச் செயலாக்கத்திலும் ஒலியன் எட்டிப் பார்க்கிறது. ஒலியால் பெயர்களைத் தேடும் சவுண்டெக்ஸ் முறைக்கு 1918-இலேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஒரே குடும்பப்பெயரைப் பலர் பலவிதமாக எழுதினாலும் ஒலி நெருக்கமாக இருந்தால் ஒரே குறியீட்டில் விழும். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோமே, அவற்றை இணைக்கவும் இதே யோசனைதான், ஆனால் சவுண்டெக்ஸ் விதிகளை அப்படியே போட்டால் வேலை செய்யாது, ழகரத்துக்கு எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று நம் ஒலியன்களிலிருந்து தொடங்கித்தான் குறியீடு வகுக்க வேண்டும். பிழைதிருத்தியும் அப்படித்தான். மக்கள் செய்யும் எழுத்துப்பிழை பெரும்பாலும் விரல் பிழை இல்லை, காதுப் பிழை: ண/ன, ர/ற, ல/ள/ழ. இந்த ஜோடிகளுக்குக் குறைந்த தண்டனை வைத்துச் சொல் தூரத்தை (ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்து மாற வேண்டும் என்ற அளவை) கணக்கிட்டாலே பரிந்துரைகள் எவ்வளவோ மேம்படும். உச்சரிப்பு கற்றுத்தரும் செயலிகளுக்கு ஒலியன் இல்லாமல் வழியே கிடையாது. "நீங்கள் சொன்ன சொல் தவறு" என்பதால் மாணவருக்கு என்ன லாபம், "ழகரம் ளகரமாக விழுந்துவிட்டது" என்றால்தானே திருத்திக்கொள்வார்.

கடைசியாக, செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. சில பத்து மணி நேரத் தமிழ்ப் பேச்சுதான் உங்களிடம் இருக்கிறது என்றால், பல மொழிகளில் முன்பயிற்சி பெற்ற மாடல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அடியிலிருந்து தொடங்காதீர்கள். வெளியீடு எழுத்தாகவே இருக்கட்டும். ஆனால் பயிற்சியின்போது அதே மாடலின் நடு அடுக்கு ஒன்றுக்கு ஒலியன் வரிசையையும் துணை இலக்காகக் கொடுங்கள். அந்த வரிசையைத் தயாரிக்கத் தேவையான எழுத்து-ஒலியன் விதிகள் தமிழுக்குச் சில பக்கங்களில் அடங்கிவிடும். பட்டியலில் மூக்கொலி உயிர்களைச் சேருங்கள், இரட்டை மெய்களைத் தனியே வையுங்கள், கடன்சொற்களுக்காக அதிர்வொலிகளைச் சேருங்கள், ந/ன ஒன்றாக்குங்கள். ர/ற ஒன்றாக்குவதா என்பது உங்கள் பேச்சாளர்கள் அதைப் பிரிக்கிறார்களா என்பதைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டியது, அதிலும் ற்ற, ன்ற இரண்டும் தனிக் கதை, அவற்றைத் தனியாகவே வையுங்கள். பேச்சுத் தமிழில் பதிவாகி எழுத்துத் தமிழில் எழுதப்பட்ட தொகுப்பு என்றால் ஒலியன் வரிசையைப் பேச்சு வடிவத்திலிருந்து உருவாக்குங்கள், "வருகிறார்கள்" என்று எழுதியிருக்கும் இடத்தில் யாரும் "வருகிறார்கள்" என்று சொல்லியிருக்க மாட்டார்கள், "வர்றாங்க" என்றுதான் இருக்கும்.

அளக்கும்போது சொற்பிழை விகிதத்தை, அதாவது எத்தனை சொல் தவறாக வந்தது என்ற கணக்கை, மட்டும் பார்க்காதீர்கள். தமிழ்ச் சொல் ஒட்டி ஒட்டி நீள்வதால் ஒரு எழுத்துப் பிசகினாலும் முழுச் சொல்லும் தவறாகக் கணக்காகிவிடும், எது நிஜமாகக் கெட்டது என்று தெரியாது. அதனால் முதல் வேலையாக நாற்பது ஐம்பது வாக்கியங்களைப் பலர் குரலில் இயல்பான வேகத்தில் பதிவுசெய்து தனியே எடுத்து வையுங்கள்: வந்தான்/வந்தாள்/வந்தால், பலி/பல்லி, வலி/வழி, படம்/பட்டம், சூழலை வைத்து ஊகிக்க முடியாத வாக்கியங்களாக. ஒவ்வொரு புதிய மாடலையும் முதலில் அந்தச் சின்னத் தொகுப்பில் ஓட்டிப் பாருங்கள். எந்த ஜோடி உடைகிறதோ அந்த ஒலிகள் வரும் பேச்சைத்தான் அடுத்துத் தேடிச் சேர்க்க வேண்டும்.